பிரேக் டீச்சர் கூலன்ட் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

கார் ஓட்டக் கற்றுத்தரும் வண்டிகளில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் தடுமாறினால் சொல்லிக்கொடுக்கிறவர் மிதிப்பதற்காக வைத்தது. மற்ற பயிற்சியாளர்கள் ஆபத்து என்றால்தான் அதன்மேல் கால் வைப்பார்கள். நம் டீச்சரின் கால் அங்கேயே குடியிருந்தது. தெருவின் அடுத்த முனையில் ஒரு சைக்கிள் திரும்பினால் போதும், இங்கே கார் நின்றுவிடும். "டீச்சர், காலை எடுங்க. வண்டிய நான் ஓட்டுறேனா நீங்க ஓட்டுறீங்களான்னே எனக்குப் புரியல" என்று படிக்க வந்த ஒருவர் புலம்ப, அன்றிலிருந்து அவர் பிரேக் டீச்சர் ஆனார். அந்தப் பெயரில் அவருக்கு வருத்தம் இல்லை. "இருபது வருஷமா ஒருத்தருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்ல. சும்மாவா?" என்பார்.

அவர் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு பொய்யால்தான். ஒரு பயிற்சிப் பள்ளியில் போன் எடுக்கவும் வருகிறவர்களை உட்காரவைக்கவும் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். கற்க வந்த பெண்கள் சொல்லித்தர ஒரு பெண் இருந்தால் நன்றாயிருக்கும் என்று கேட்டுக்கேட்டு ஓய்ந்தபோது, முதலாளி இவர் பக்கம் திரும்பி, "உனக்கு ஓட்டத் தெரியுமாம்மா?" என்றார். "தெரியும் சார்" என்று சொல்லிவிட்டார். தெரியாது. அடுத்த மூன்று மாதமும் விடியற்காலையில் காலி மைதானத்தில் உருட்டிப் பழகி, அந்தப் பொய்யை உண்மையாக்கினார். முதலாளி பள்ளியை மூடிவிட்டு மகனோடு போனபோது அந்தப் பழைய காரை இவரிடமே விட்டுச் சென்றார். அதற்குப் பிறகு அந்தக் காரும் இவரும்தான் பள்ளி.

அந்த வாரம் அவர் கையில் இருந்த மாணவி ஒரு பேக்கரிக்காரம்மா. கேக்கைத் தானே எடுத்துப்போய்க் கொடுக்க வேண்டும் என்பதற்காக ஓட்டப் படித்துக்கொண்டிருந்தவர். லைசென்ஸ் தேர்வில் இரண்டு தரம் தோற்றாயிற்று. மூன்றாவது தேர்வு வரும் திங்கட்கிழமை. "இந்தத் தடவையும் போச்சுன்னா நான் சைக்கிள் வாங்கிடுவேன் டீச்சர்" என்று சொல்லியிருந்தார். பழகிய காரில் ஓட்டினால்தான் கை நடுங்காது என்பதால் டீச்சரின் காரிலேயே தேர்வுக்குப் போவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை மாலை, மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டிகள் நெருக்கியடித்து ஊர்ந்துகொண்டிருந்தபோது, காரின் முன்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. டாஷ்போர்டில் வெப்பம் காட்டும் முள் சிவப்புக்கோட்டை முட்டிக்கொண்டு நின்றது.

"டீச்சர், புகை! புகை!" என்று கத்திய பேக்கரிக்காரம்மா, கதவைத் திறந்து, கைப்பையை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு பாலத்தில் ஓட ஆரம்பித்துவிட்டார். கார் மெல்லப் பின்னால் உருளத் தொடங்கியது. டீச்சரின் கால் வழக்கம்போல அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்ததால் பின்னால் நின்ற லாரி பிழைத்தது.

மெக்கானிக் தன் பட்டறை வாசலில் வைத்தே, வண்டி ஆறியதும், இஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட் நிற்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே விரலை விட்டு எடுத்தார். விரல் செம்மண்ணில் முக்கியதுபோல் வந்தது.

"என்ன டீச்சர், டீத்தண்ணியா ஊத்தி வெச்சிருக்கீங்க? கூலன்ட் மாத்தி எவ்வளவு நாளாச்சு?"

"குறையறப்போ எல்லாம் குழாய்த் தண்ணி ஊத்துவேன். அதுக்கென்ன?"

"அதான் உள்ள துரு புடிச்சிருக்கு. நல்ல வேளை, எங்கயும் ஒழுகல. முழுசா இறக்கி, ரெண்டு மூணு தரம் அலசி, புதுசா ஊத்தணும். நம்ம லிஃப்ட்ல இப்ப ஒரு வண்டி பிரிச்சுப்போட்டுக் கெடக்கு. அடுத்த வாரம் கொண்டாங்க."

"திங்கக்கிழமை டெஸ்ட் இருக்கே."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். இருபது வருடப் பழக்கம். "அப்ப ஒண்ணு பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை வீட்லயே நீங்களே பண்ணிடுங்க. பெரிய வித்தையெல்லாம் இல்ல. இஞ்சின் ஆறியிருக்கணும், பொறுமை இருக்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லி, கீழே எந்தத் திருகைத் திறப்பது, மேலே எப்படி நிரப்புவது என்று வண்டியிலேயே தொட்டுக் காட்டினார். டீச்சர் கிளம்பும்போது ஜன்னலில் குனிந்து இன்னொன்றும் சொன்னார். "பழசைச் சாக்கடையில ஊத்திடாதீங்க. திறந்தும் வெச்சுடாதீங்க. அது இனிக்கும். நாய், பூனை நக்கிடுச்சுன்னா கிட்னி போயிடும். கேன்ல புடிச்சு என்கிட்டயே குடுத்துடுங்க."

டீச்சரின் வீடு ஒரு சந்தின் கடைசிக்கு முந்தின வீடு. வாசலில் கார் நிற்க மட்டும் சிமென்ட் தளம், அதற்கு ஒரு இரும்புக் கேட். கடைசி வீடு கோர்ட்டம்மாவுடையது. நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை பார்ப்பவர். தனியாக இருப்பவர். அவருக்குத் துணை ஒரு பழுப்பு நாய். தினமும் காலையில் சந்திலுள்ள ஒவ்வொரு கேட்டிலும் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, மோந்து, ஒரு நிமிடம் யோசித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகரும் என்பதால் சந்துக்காரர்கள் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தார்கள். கோர்ட்டம்மா அதற்கு வேறு ஏதோ நாகரிகமான பெயர் வைத்திருந்தார். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அது திரும்பிப் பார்ப்பதில்லை.

மேனேஜர் வந்துபோனாலும் கோர்ட்டம்மா வருவதில்லை. டீச்சரிடம் படித்த யாரோ ஒருவர் ரிவர்ஸ் எடுக்கிறேன் பேர்வழி என்று கோர்ட்டம்மாவின் கேட் தூணை இடித்துவிட்டார். பக்கத்து இருக்கையில் கால் தயாராக இருந்தும் அன்றைக்கு ஒரு நொடி பிந்திவிட்டது. (மனிதருக்குத்தான் சிராய்ப்பு இல்லை, தூண்கள் கணக்கில் வராது.) அதிலிருந்து பேச்சு நின்றது. அக்கா என்று கூப்பிட்ட டீச்சர், எதிரே வந்தால் மேடம் என்று சொல்லித் தலையை மட்டும் அசைக்கப் பழகிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சர் ஒரு பழைய சட்டையை மேலே போட்டுக்கொண்டு, கோணிச் சாக்கை விரித்து, காரின் கீழே படுத்தார். இஞ்சினுக்குக் கீழே மறைப்பாக இருக்கும் அடித்தட்டின் திருகுகளைக் கழற்றி எடுத்ததும் ரேடியேட்டரின் கீழ்மூலையில் அந்த வெள்ளை பிளாஸ்டிக் திருகு தெரிந்தது. விரலுக்கு அசையவில்லை. குறட்டால் பிடித்தால் உடைந்துவிடும் என்று பயம். துணியைச் சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்ல, மெல்ல. கடைசியில் அது விட்டுக்கொடுத்தபோது பழைய கூலன்ட் முழங்கைவரை வழிந்து சட்டைக்குள் புகுந்தது.

"என்னாச்சு?" என்று மேலேயிருந்து கணவரின் குரல்.

"ஒண்ணுமில்லங்க, குளிச்சுட்டேன். அந்த நீல பேசினைத் தள்ளுங்க."

கணவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். ஒற்று மிகுந்தாலும் குறைந்தாலும் சாப்பாடு இறங்காத மனிதர். வீட்டில் செருப்பு ஜோடி மாறிக் கிடந்தால்கூடத் திருத்திவிட்டுத்தான் உள்ளே வருவார். இந்த அழுக்கு வேலை அவருக்கு ஒத்துவராது. ஆனாலும் சும்மா நிற்கவும் மனம் வராமல் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார்.

பேசின் நிறைந்தது. பச்சையாக இருந்திருக்க வேண்டிய திரவம் துருவும் மண்ணுமாகப் பழுப்பேறியிருந்தது. டீச்சர் அதைச் சுவரோரம் இழுத்துவைத்து, மேலே ஒரு பலகை, பலகைமேல் ஒரு செங்கல் என்று பந்தோபஸ்து செய்தார். பிறகு திருகை மூடி, ரேடியேட்டரில் நல்ல தண்ணீரை நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இஞ்சினை ஓடவிட்டார். ஹீட்டர் குழாய்களில் தேங்கியிருக்கும் பழசும் கலந்து வர வேண்டும் அல்லவா. மேல் குழாய் தொட முடியாதபடி சுட்டதும் இஞ்சினை அணைத்தார். இனி அது ஆறும்வரை மூடியைத் தொடக் கூடாது.

"காய்ச்சி வடிச்ச தண்ணி வேணுமுல்ல, கூலன்ட்டோட கலக்க? நான் போய் வாங்கிட்டு வரேன்" என்றார் கணவர்.

"பேட்டரிக் கடையில கெடைக்கும். மெதுவாவே வாங்க, இது ஆறவே நேரமாகும்."

டீச்சர் உள்ளே போய்க் கையைத் தேய்த்துக் கழுவினார். டீ போட்டார். அதற்குள் வெளியூரில் இருக்கும் மகள் போனில் வந்தாள். "அம்மா, நீ காருக்கு அடியிலயா? அப்பா எங்க?" என்று ஆரம்பித்து, மாமியார் வாங்கிய மிக்ஸியில் வந்து முடிக்க வெகுநேரம் ஆகிவிட்டது. நடுவில் வாசலிலிருந்து கணவர் ஏதோ சொன்னது காதில் விழுந்தது. "ம், சரி, சரி" என்று சொல்லிவைத்தார்.

டீயை முடித்துவிட்டு வெளியே வந்தவர் படியிலேயே நின்றுவிட்டார்.

செங்கல் தரையில் கிடந்தது. பலகை பாதி விலகியிருந்தது. பேசினில் அடிச்சேறு மட்டும் இருந்தது. பேசினைச் சுற்றியிருந்த ஈரத்திலிருந்து கேட்டை நோக்கி, காய்ந்த சிமென்ட் தரையில், நாயின் ஈரக்கால் தடங்கள் வரிசையாகப் போயிருந்தன.

டீச்சருக்கு மெக்கானிக் சொன்னது ஞாபகம் வந்தது. "என்னங்க!" என்று கத்தினார். பதில் இல்லை. கணவரின் எண்ணுக்குப் போன் போட்டார். சமையலறை அலமாரியிலிருந்து மணி அடித்தது. மனிதர் கடைக்குப் போகும்போது போன் எடுத்துப்போனதாகச் சரித்திரமே இல்லை.

கேட்டைத் திறந்து ஓடினார். கோர்ட்டம்மாவின் வீட்டுக் கதவைத் தட்டினார் என்பதைவிட இடித்தார் என்பதே சரி.

"அக்கா! அக்கா, மேனேஜர் எங்க?"

கோர்ட்டம்மா கதவைத் திறந்தார். கையில் தரை துடைக்கும் துணி. டீச்சரின் சட்டையையும் தலைமுடியில் ஒட்டியிருந்த துருவையும் மேலும் கீழும் பார்த்தார். "உள்ளதான் இருக்கான். என்ன விஷயம்?"

"நல்லா இருக்கானா?"

"இல்ல. இப்பதான் வாந்தி எடுத்தான். அதைத்தான் தொடைச்சிட்டிருக்கேன். ஏன்?"

டீச்சருக்கு ஒரு கணம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைப்பு வந்து போனது. அடுத்த கணமே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். "எங்க வாசல்ல கார்ல இருந்து எறக்கின கூலன்ட் இருந்துச்சுக்கா. மூடித்தான் வெச்சேன். குடிச்சுட்டான்போல. அது விஷம். கிட்னிய புடிச்சுக்கும். இப்பவே டாக்டர்கிட்ட போகணும். என்னைய அப்புறம் திட்டுங்க."

கோர்ட்டம்மா திட்டவில்லை. துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனார். கட்டிலுக்கு அடியில் படுத்திருந்த மேனேஜரை இரண்டு கைகளாலும் வாரி எடுத்துக்கொண்டு வந்தார். நாயைச் சேலைத் தலைப்பால் போர்த்தியிருந்தார். உதடு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. அதற்கு நாலு வசவு வாங்கியிருந்தால் தேவலை என்று டீச்சருக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை. ஆட்டோ ஒன்றும் கண்ணில் படவில்லை. டீச்சரின் காரில் அப்போது இருந்தது வெறும் தண்ணீர். அலசுவதற்காக ஊற்றிய தண்ணீர்தான், ஆனால் கொஞ்ச தூரம் ஓட்ட அது போதும். கீழ்த்திருகை மூடியது நினைவிருந்தது. கோணிச் சாக்கைக் காலால் தள்ளினார். கழற்றிய அடித்தட்டு சுவரோரம் கிடந்தது. அது இல்லாமலும் வண்டி ஓடும்.

"ஏறுங்கக்கா."

அன்று பிரேக்கில் அவர் கால் அதிகம் படவில்லை. சிவப்பு விளக்கில் நின்றபோதெல்லாம் ஒரு கண் வெப்ப முள்ளில், ஒரு கண் கண்ணாடி வழியாகப் பின்சீட்டில். மேனேஜர் கோர்ட்டம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே தெரிந்த கடைகளையெல்லாம் வழக்கம்போல மேற்பார்வை செய்துகொண்டு வந்தது. ஒருமுறை தும்மியது. அதற்கு இரண்டு பெண்களும் ஒன்றாக நடுங்கினார்கள்.

"இவன் போயிட்டா வீட்ல பேச ஆளில்ல" என்றார் கோர்ட்டம்மா. யாரிடமும் சொல்வதுபோல் இல்லாமல், வெளியே பார்த்துக்கொண்டு.

டீச்சர் அடுத்த கியரைப் போட்டார்.

கால்நடை டாக்டர் சின்ன வயதுப் பெண். மேசைமேல் நாயை நிற்கவைத்து, கண் இமையை இழுத்துப் பார்த்தார், ஈறை அழுத்திப் பார்த்தார், வயிற்றைத் தடவினார்.

"எவ்வளவு குடிச்சிருக்கும்?"

"ஒரு பேசின்" என்றார் டீச்சர்.

டாக்டர் நிமிர்ந்தார். "ஒரு பேசினா?"

"துணி அலசுற பேசின். முக்கால்வாசிக்கு மேல இருந்துச்சு. இப்ப அடிச்சேறுதான் இருக்கு."

"அம்மா, அவ்வளவு குடிச்சா இவனால நிக்கவே முடியாது. குடிகாரன் மாதிரி தள்ளாடுவான். ஆனா ஒரு வாய் குடிச்சாலும் ஆபத்துதான், அதனால விட முடியாது." டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு ஊதா வெளிச்சம் வரும் ஒரு சின்ன டார்ச்சை நாயின் வாயருகே பிடித்தார். சில கூலன்ட்களில் கலந்திருக்கும் சாயம் அந்த வெளிச்சத்தில் மின்னுமாம். மீசையில் ஒன்றுமில்லை. நாக்கில் இல்லை. பாதங்களில் இல்லை. "மின்னலைங்கறதால இல்லன்னு சொல்லிட முடியாது. ரத்தம் எடுத்துப் பாத்துடுவோம். தேவைப்பட்டா மாத்து மருந்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

ஊசி என்றதும் மேனேஜர் மேசையைவிட்டு இறங்கப் பார்த்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். டாக்டர் ரத்தம் எடுத்து முடிப்பதற்குள் அது முதுகை வளைத்து, ஒரு தரம் குலுங்கி, மேசைமேலேயே வாந்தி எடுத்தது. நுரைக்கு நடுவே ரோஜா நிறத்தில் ஏதோ ஒன்று.

டாக்டர் இடுக்கியால் எடுத்துத் தூக்கிப் பிடித்தார். செருப்பு வார். கடித்துக் குதறிய ரப்பர் வார்.

கோர்ட்டம்மா தன் காலைப் பார்த்தார். அவசரத்தில் மாட்டிக்கொண்டு வந்தது வேறு செருப்பு. "அது என்னோட குளியலறைச் செருப்பு" என்றார் சன்னமாக.

அந்த நேரத்தில்தான் டீச்சரின் போன் அடித்தது. கணவர்.

"எங்க போன? கேட்டு திறந்து கெடக்கு, காரைக் காணோம், ரேடியேட்டர் மூடியப் போட்டியான்னும் தெரியல..."

"நீங்க எங்க போனீங்க! மேனேஜர் கூலன்ட்டைக் குடிச்சுட்டான். டாக்டர்கிட்ட இருக்கோம்."

"எந்த கூலன்ட்டை?"

"பேசின்ல இருந்ததை!"

"அதையா? அதை நான்தானே கேன்ல ஊத்தி மூடி வெச்சேன். பலகை, செங்கல்னு பாக்கவே அலங்கோலமா இருந்துச்சு. ரெண்டு கேன் வந்துச்சு. மேல சீட்டும் ஒட்டிட்டேன். கொல்லைப்பக்கப் பரண்ல இருக்கு. உன்கிட்ட சொல்லிட்டுத்தானே போனேன், நீ சரின்னியே?"

டீச்சர் போனை அடுத்த காதுக்கு மாற்றினார். "அப்ப கால் தடம்?"

"நான் ஊத்திட்டிருக்கறப்போ மேனேஜர் வந்தான். வழக்கமான இன்ஸ்பெக்ஷன். கீழ நாலு சொட்டு சிந்தியிருந்துச்சு, அதுல காலை வெச்சுட்டான். நீதான் சொன்னியே, நக்கக் கூடாதுன்னு. அங்கயே புடிச்சு, குழாயைத் திறந்து நாலு காலையும் சோப்புப் போட்டுக் கழுவி, சிந்தினதையும் கழுவித் தள்ளிட்டு, அவன வெளிய அனுப்பிட்டுக் கேட்டையும் சாத்திட்டுத்தான் போனேன். அந்த அவசரத்துல பலகையையும் செங்கலையும் எடுத்து வெக்கத்தான் மறந்துட்டேன்."

"வாய் வெச்சானா? யோசிச்சுச் சொல்லுங்க."

"வைக்கல. கழுத்துப்பட்டையப் புடிச்சது புடிச்சபடிதான் இருந்தேன். பேசினுக்குள்ள தலைய விடவே இல்ல."

தான் ஓடி வந்தபோது கேட்டின் தாழ் போட்டிருந்ததும், அதை நீக்கப் பட்ட பாடும் டீச்சருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தாழ் போட்ட கேட்டைத் திறந்து நாய் எப்படிப் போயிருக்கும் என்று அந்த நேரத்தில் யாருக்கு யோசிக்கத் தோன்றும்?

போனை டாக்டரிடமே கொடுத்தார். டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டு, தலையாட்டி, திருப்பிக் கொடுத்தார். "ரத்தம் எடுத்தது எடுத்ததாவே இருக்கட்டும், ரிசல்ட் பாத்துட்டே அனுப்பறேன்" என்று உள்ளே போனார்.

காத்திருந்த பெஞ்சில் இருவரும் ஒரு முனைக்கு ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மேனேஜர். உயிர் பாதி திரும்பியிருந்தது, மீதிப் பாதி டாக்டர் கையில் இருந்தது. கடைசியில் டாக்டர் வெளியே வந்து, "எல்லாம் நார்மல். விஷம் ஒண்ணும் போகல. செருப்பை மட்டும் உயரத்துல வைங்க" என்றபோது, டீச்சர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கையில் இன்னும் கூலன்ட் நாற்றம். அழுகையா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை. கோர்ட்டம்மா கைக்குட்டையை நீட்டினார். பிறகு நாயின் காதைப் பிடித்து, "ஏண்டா, செருப்பைத் தின்னவன் நீ, இந்தப் பொம்பளை சாகப் பாத்துட்டா" என்றார்.

திரும்பும் வழியில் மெதுவாகவே ஓட்டினார் டீச்சர். முள் நடுவில் நின்றது. சந்து திரும்பும் இடத்தில் கோர்ட்டம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என் கேட் தூணை எப்ப பூசித் தரப் போறீங்க?"

"நாளைக்கு டெஸ்ட் முடிஞ்சதும் கொத்தனாரைக் கூட்டிட்டு வரேன்க்கா. சத்தியமா."

"சத்தியம் எல்லாம் வேணாம். நான் கோர்ட்ல வேலை பாக்கறவ. அங்க தெனமும் நெறையக் கேக்கறேன்."

சிரித்துச் சிரித்து டீச்சருக்கு வண்டியை வாசலில் ஏற்றவே கஷ்டமாகிவிட்டது.

வாசலில் கணவர் குற்றவாளிபோல் நின்றுகொண்டிருந்தார். கையில் காய்ச்சி வடித்த தண்ணீர்க் கேன். டீச்சர் இறங்கியதும் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ஒண்ணும் சொல்லாதீங்க. நீங்க பண்ணது நல்ல காரியம். ஆனா இனிமே நான் போன்ல இருக்கறப்போ முக்கியமானதைச் சொல்லாதீங்க. கிட்ட வந்து தோளத் தட்டிச் சொல்லுங்க. போனையும் எடுத்துட்டுப் போங்க."

"சரி" என்றார் அவர். பிறகு மெதுவாக, "காலை நல்லாத்தான் கழுவினேன்" என்றார்.

"நல்லா கழுவினதாலதான் இவ்வளவு தூரம் தடம் விழுந்துச்சு!"

இஞ்சின் ஆறியதும் வேலையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். இந்த முறை திருகு சொன்னபடி கேட்டது. வந்த தண்ணீர் வெளிறிய பழுப்பு. கணவர் அதையும் விடாமல் கேனில் பிடித்தார். மறுபடி நிரப்பி, சூடாக்கி, ஆறவிட்டு இறக்கினார்கள். இளமஞ்சள். அடுத்த முறை கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தபோது அந்தப் பக்கம் நின்ற மேனேஜரின் முகம் தெளிவாகத் தெரிந்தது. கோர்ட்டம்மா கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு, நாயின் கழுத்துப்பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு, முழு வேலையையும் வழக்கு விசாரணைபோல் கவனித்துக்கொண்டிருந்தார். கூலன்ட் வழிந்த இடத்தையெல்லாம் கணவர் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரத்தையும் துணியால் ஒற்றி எடுத்தார்.

புதுக் கூலன்ட்டையும் காய்ச்சி வடித்த தண்ணீரையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றினார் டீச்சர். பளிச்சென்ற பச்சை. மூடியைத் திறந்துவைத்தே இஞ்சினை ஓடவிட்டு, மேல் குழாயை அமுக்கி அமுக்கி விட்டார். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று குபுக் குபுக்கென்று குமிழியாக வந்தது. குமிழி வர வர மட்டம் இறங்கியது. இறங்க இறங்க ஊற்றினார். குமிழிகள் நின்றதும் மூடியைப் போட்டு இறுக்கினார்.

இனி எஞ்சியது ஒன்றுதான். இஞ்சின் சூடேறும்போது ரேடியேட்டரின் மின்விசிறி தானாகச் சுழல வேண்டும். மூவரும் காத்திருந்தார்கள். முள் மெல்ல ஏறியது. நடுவுக்கு வந்தது. அதையும் கொஞ்சம் தாண்டியது. டீச்சரின் வலது கால் செருப்புக்குள் தானாக அழுந்தியது.

'டக்' என்றது. விசிறி உறுமிக்கொண்டு கிளம்பியது. முள் இறங்கி நடுவில் உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் விசிறி நின்றது. மறுபடி சுழன்றது. மறுபடி நின்றது.

"அவ்வளவுதானா?" என்றார் கோர்ட்டம்மா.

"அவ்வளவுதான்க்கா."

அவர் நாற்காலியை மடக்கிக்கொண்டு எழுந்தார். "குளிச்சுட்டு வாங்க ரெண்டு பேரும். சாதம் வெச்சிருக்கேன். இனி அடுப்புப் பத்தவெக்க வேணாம்."

மறுநாள் தேர்வு மைதானத்தில் நீளமான வரிசை. வெயிலில் இஞ்சினை அணைக்காமலே ஊர்ந்து ஊர்ந்து முன்னேற வேண்டியிருந்தது. பேக்கரிக்காரம்மா ஓட்டுநர் இருக்கையில் முதுகு தொடாமல் உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முள்ளைப் பார்ப்பார், பிறகு கதவின் கைப்பிடியைப் பார்ப்பார்.

"ஓடிட மாட்டீங்களே?" என்றார் டீச்சர்.

"இன்னிக்கு ஓட மாட்டேன் டீச்சர். ஆனா புகை வந்துச்சுன்னா மட்டும் சொல்லிட்டு ஓடறேன்."

புகை வரவில்லை. அவர்கள் முறை வந்தபோது டீச்சர் இறங்கி, தன் இருக்கையைத் தேர்வு அதிகாரிக்கு விட்டுக்கொடுத்து, ஓரமாக இருந்த வேப்பமரத்து நிழலில் போய் நின்றார். கார் கிளம்பியது. முதல் வளைவில் கொஞ்சம் திணறியது. இரண்டாவது வளைவை அழகாக எடுத்தது. ரிவர்ஸில் கம்பங்களுக்கு நடுவே நுழைந்து, எதையும் தொடாமல், கோட்டுக்குள் நின்றது.

டீச்சர் மரத்தில் சாய்ந்துகொண்டு முகத்தைத் துடைத்தார். முதல் நாள் படுத்துப் புரண்டதில் தோளெல்லாம் வலித்தது. பசித்தது. தூரத்தில் பேக்கரிக்காரம்மா ஜன்னல் வழியாகக் கையை முழுசாக வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டிருந்தார். அதிகாரி ஏதோ சொல்ல, கை சட்டென்று உள்ளே போனது. டீச்சர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, கொத்தனாரின் எண்ணைத் தேட ஆரம்பித்தார்.